நாணமும் நோயும்: தமிழரிடையே பாலியல் மருத்துவம் வளர்ந்த வரலாறு

தானா ராத்தா என்னும் மலாய்த் தொடருக்குச் சமநிலம் என்பது பொருள். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு குறித்துச் சென்றார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. காடு திருத்தவும், கன்று நடவும், கொழுந்து பறிக்கவும் தமிழர் மலையேறினர். தோட்டம் என்றால் லயமும், கோயிலும், கள்ளுக்கடையும், பள்ளியும், மருந்தகமும் சேர்ந்த ஒரு சிற்றுலகம். அம்மருந்தகத்தில் காய்ச்சலுக்கு மருந்து உண்டு; புண்ணுக்குக் கட்டு உண்டு; பேறு பார்ப்பதற்கும் ஒருவாறு வழி உண்டு. உடலுறவால் தொற்றும் மேகநோய்க்கு ஊசியும் உண்டு. அந்நோய் வேலைநாளைக் குறைத்ததாகலின் நிருவாகத்தின் கணக்கில் அது இடம்பெற்றது. ஆனால் மணமாகி ஓராண்டாகியும் கூட முடியாத கணவனும், கூடும்போதெல்லாம் வலியில் துடிக்கும் மனைவியும், இரவில் விந்து வெளிப்பட்டதைக் கண்டு உயிரே போவதாக நடுங்கும் இளைஞனும் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

அத்தகையோர்க்கு மூன்று வாயில்கள் இருந்தன. ஒன்று, தோட்டத்து டிரசர். அவரிடம் சொன்னால் கிராணி வீட்டுக்கும் மண்டோர் வீட்டுக்கும் செய்தி போய்விடும் என்ற அச்சம். மற்றொன்று, மந்திரிப்பவரோ மலாய்ப் போமோவோ. மூன்றாவது, சென்னையிலிருந்து கப்பலேறி வந்த இதழ்களின் கடைசிப் பக்க விளம்பரம். நான்காவது வாயிலாக, கேட்டவரைப் பழிக்காமல் அவர் மொழியிலேயே விடை கூறும் மருத்துவம், தமிழர்க்கு எப்போது, எவரால், எவ்வளவு திறந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பழம்பெருமை பேசி இக்கேள்வியைக் கடந்துவிடுதல் எளிது. பொருளிலக்கணத்தில் பாதியை அகத்திற்குத் தந்த மொழி தமிழ். வள்ளுவர் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்களும் 250 குறட்பாக்களும் ஒதுக்கினார். காமத்தைத் துறக்கவேண்டிய மாசாக அவர் அங்குக் காட்டவில்லை. வடமொழி இரதிரகசியம் தமிழில் கொக்கோகமாகி, அதிவீரராம பாண்டியர் பெயரோடு வழங்கி வந்தது. இவையெல்லாம் உண்மையே. எனினும் இலக்கியம் காதலைப் பாடிற்றேயன்றி, கூடலில் இடர்ப்பட்டவனுக்கு மருந்து கூறவில்லை. அகப்பாட்டின் தலைவனுக்கு எக்குறையும் இல்லை. தலைவிக்கு வலி என்றால் அது பிரிவின் வலியே. குறையுற்றவன் நாடிச் சென்றது வைத்தியனை.

வைத்தியமோ வேறொரு கொள்கையின்மேல் நின்றது. உண்ட உணவு சாறாகி, சாறு குருதியாகி, குருதி ஊனாகி, கொழுப்பாகி, எலும்பாகி, மச்சையாகி, இறுதியில் விந்தாகிறது என்பது ஏழு தாதுக் கொள்கை. நாற்பது துளி இரத்தம் திரண்டே ஒரு துளி விந்தாகும் என்று மக்கள் வழக்கில் அது விரிந்தது. அவ்வாறாயின் கனவில் வெளிப்படும் சிறு துளியும் உயிரின் இழப்பாகவே தோன்றும். இன்றைய உடலியல் இதனை முற்றும் மறுக்கிறது. ஒருமுறை வெளிப்படுவது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து மில்லிலிட்டர் நீர்மமே. அதில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரப்பது. விந்தணுக்களின் பங்கு மிகச் சிறிது. எச்சில் ஊறுவது போல் அது ஊறிக்கொண்டே இருக்கும். சேமிப்பதால் வலிமை கூடுவதுமில்லை. செலவிடுவதால் எலும்பு உருகுவதுமில்லை.

இவ்வச்சம் முழுவதும் நம் முன்னோர் தந்தது என்று கருதுவோர் பலர். அதிற் பாதி மேனாட்டிலிருந்து வந்தது என்பதை அவர்கள் அறிவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் 'ஒனானியா' என்னும் சிறுநூல் வெளிவந்தது. சுயஇன்பம் பெரும்பாவம் என்றும், அதனால் கொடிய நோய்கள் வரும் என்றும் அச்சுறுத்திய அந்நூல், பரிகாரமாக ஒரு மருந்தையும் விற்றது! 1760இல் திசோ என்னும் சுவிஸ் மருத்துவர் அவ்வச்சத்திற்கு மருத்துவ மேலாடை போர்த்தினார். குடியேற்ற ஆட்சியின் பள்ளிகளும் நூல்களும் அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தன. பாவம் என்னும் மேனாட்டு எண்ணமும் தாது நட்டம் என்னும் கீழ்நாட்டு எண்ணமும் கைகோத்த இடத்தில் பிறந்தவையே தமிழ் இதழ்களின் லேகிய விளம்பரங்கள். 'இளமைத் தவறு' என்ற தொடர் அவ்விளம்பரங்களின் பெருங்கொடை. நோயில்லாதவனுக்கு முதலில் நோயைக் கொடுத்து, பிறகு மருந்தைக் கொடுப்பது அவ்வணிகத்தின் முறை. மலாயாவில் இரண்டாம் உலகப்போர் வரை தமிழ் ஆடவர் தொகை பெண்டிர் தொகையினும் மிகப் பெரிதாயிருந்தது. மணமின்றித் தனித்து வாழ்ந்த ஆயிரமாயிரம் இளைஞர் இவ்விளம்பரங்களுக்கு எளிய இரையாகத் தக்க நிலையில் இருந்தனர்.

அதே இலண்டனில் வேறொரு குரலும் எழுந்ததைச் சொல்லாமல் விடுவது முறையன்று. ஜான் ஹன்ட்டர் என்னும் அறுவை மருத்துவரிடம் ஒருவன் வந்து, தான் விரும்பிய பெண்ணிடத்து மட்டும் தன் உடல் ஒத்துழைக்க மறுக்கிறது என்று முறையிட்டான். ஹன்ட்டர் மருந்து தரவில்லை. ஆறு இரவுகள் அவளருகே உறங்கலாம், ஆனால் எக்காரணத்தாலும் கூடுவதில்லை என்று உறுதி செய்துகொள்ளுமாறு கூறினார். சில நாளில் திரும்பிவந்த அவன், இயலாமை அச்சம் போய், ஆசை மிகுந்துவிடுமோ என்ற அச்சமே வந்துவிட்டது என்றானாம். 1786இல் வெளியான தம் நூலில் ஹன்ட்டர் இதனைப் பதிவு செய்தார். குறை உறுப்பில் இல்லை, அச்சத்தில் இருக்கிறது என்ற இந்த நுண்ணறிவு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இந்திய மண்ணில் பழிக்காத விடைக்கு வித்திட்டவர் இரகுநாத் தோண்டோ கார்வே. கணிதப் பேராசிரியரான அவர் 1921இல் பம்பாயில் கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கினார். இலண்டனில் மேரி ஸ்டோப்ஸ் தம் நிலையத்தைத் திறந்ததும் அவ்வாண்டே. 1927 முதல் 1953இல் தாம் மறையும் வரை 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்னும் மராத்தி இதழை அவர் நடத்தினார். வாசகர் வினாக்களுக்கு அதில் ஒளிவுமறைவின்றி விடையளித்தார். அவ்விடைகள் ஆபாசம் என 1934இல் வழக்கெழுந்தபோது அவருக்காக வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். பாலியல் பற்றி எழுதுவதெல்லாம் ஆபாசமாகாது என்பதே அவர் வாதத்தின் சாரம். வழக்குத் தோற்றது, கார்வே தண்டம் செலுத்தினார். கேட்டவன் குற்றவாளியல்லன், விடை சொன்னவனும் குற்றவாளியல்லன் என்ற வாதம் நீதிமன்றத்தில் அன்றே ஒலித்துவிட்டது என்பதுதான் பெரிது. அதே 1934இல் பம்பாயில் மருத்துவர் ஏ. பி. பிள்ளை 'மேரேஜ் ஹைஜீன்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1947 முதல் பாலியலுக்கென்றே ஓர் அனைத்துலக இதழையும் நடத்தினார். உலக அறிஞர்கள் எழுதிய அவ்விதழ்கள் ஆங்கிலம் அறியாத தமிழ்த் தொழிலாளிக்கு எட்டாக்கனியே.

தமிழில் இப்பொருளை மேடையேற்றியவர் பெரியார். கருத்தடை பற்றி 'குடி அரசு' இதழில் அவர் எழுதியவை அக்காலத்து நோக்கில் அதிர்ச்சி தருவன. அன்று சென்னையில் உயர்நீதிமன்ற நீதிபதி வேப்பா இராமேசம் போன்றோர் புதிய மால்தூசியர் கழகம் நிறுவி, மக்கட்பெருக்கம் நாட்டை வறுமையாக்கும் என்று வாதிட்டனர். பெரியாரோ பெண்ணின் உடல் பெண்ணுக்கே உரியது என்ற அடியில் நின்றார். 1935 இறுதியில் வார்தாவில் மார்கரெட் சாங்கரைச் சந்தித்த காந்தியடிகள், தன்னடக்கம் ஒன்றே வழி என்றார். கணவன் மனைவிக்குள்ளும் இன்பம் மட்டுமே நோக்கமாகிய கூட்டம் அவருக்கு உடன்பாடன்று. இம்மூன்று நிலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அன்றைய கருத்துப்போர் தெளிவாகும்.

பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தார். ஈப்போவில் தமிழர் மாநாட்டில் பேசினார். போ தோட்டம் தோன்றியதும் அவ்வாண்டே என்பது வெறும் உடனிகழ்ச்சி, எனினும் கருதத்தக்கது. அவர் வருகையின் எதிரொலியாகச் சீர்திருத்தச் சங்கங்கள் எழுந்தன. 1935இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' பிறந்தது. கள்ளுண்ணாமை, தீண்டாமை ஒழிப்பு, மறுமணம் ஆகியவற்றை அச்சீர்திருத்தம் தோட்டப்புறத்திற்குக் கொண்டுசென்றது. எனினும் ஒன்றைக் கூறியாகவேண்டும். கருத்தடை இயக்கத்தார் பேசியது பிறப்பதைத் தடுப்பது பற்றியே. உடலின்பம் அதுவாகவே நல்லது, அதில் நேரும் குறை மருத்துவத்துக்குரியது என்ற பேச்சு அவர்கள் எழுத்தில் அரிதாகவே தலைகாட்டுகிறது.

மலாயாவிலும் குடும்பக் கட்டுப்பாடே முதலில் வந்தது. 1953இல் சிலாங்கூரில் குடும்பத் திட்டச் சங்கம் அமைந்தது. 1958இல் மாநிலச் சங்கங்கள் கூட்டமைப்பாயின. 1966இல் அரசு தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தை நிறுவியது. இவற்றால் விளைந்த ஒரு நன்மை பெரிதும் பேசப்படுவதில்லை. கணவனோ மாமியாரோ உடனில்லாமல், தாதி ஒருத்தியிடம் தன் உடலைப் பற்றிப் பேச ஒரு நாற்காலி பெண்ணுக்கு முதன்முறையாகக் கிடைத்தது. பேச வந்தது மாத்திரை பற்றியாயினும், அந்நாற்காலியில் அமர்ந்தபின் பிறவும் பேசலாம்.

அறிவே மருந்தாவதை இப்பகுதி 1967இல் கண்கூடாகக் கண்டது. அவ்வாண்டு அக்டோபரில், தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியை உண்டால் ஆணுறுப்பு உள்ளிழுத்துக்கொண்டு உயிர் போகும் என்ற வதந்தி சிங்கப்பூரில் பரவியது. கோரோ என்னும் மலாய்ப் பெயரால் வழங்கும் இவ்வச்சநோய்க்கு ஆளாகி, உறுப்பைக் கையாலும் கயிற்றாலும் பற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினர். மருத்துவர்கள் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் தோன்றி, உறுப்பு அவ்வாறு உள்ளே செல்ல இயலாது என்று எளிமையாக விளக்கினர். சில வாரங்களில் நோய் தணிந்தது. இந்தியாவிலோ, 1960இல் மனநல மருத்துவர் என். என். விக், விந்திழப்பு அச்சத்தால் வரும் சோர்வுக்குத் 'தாத் நோய்க்குறி' என்று பெயரிட்டார். உடலில் நோயில்லை, இழந்தோம் என்ற நம்பிக்கையே நோய். அதற்கு மருந்து, நோயாளியை எள்ளாமல் உடலின் இயல்பைப் பொறுமையாக விளக்குதல்.

அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரத்து மாஸ்டர்சும் ஜான்சனும் 1966இலும் 1970இலும் வெளியிட்ட இரு நூல்கள் இத்துறையை மாற்றியமைத்தன. கணவனையோ மனைவியையோ தனித்து நோயாளி என்னாமல், இருவரையும் சேர்த்தே அவர்கள் நோக்கினர். கூடல் சிலநாள் விலக்கப்படும். ஒருவரையொருவர் மெல்லத் தொட்டுணர்தல் மட்டுமே பயிற்சி. தேர்வறையில் அமர்ந்த மாணவன் தன் பேனாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வாறு எழுதுவான்? அதுபோல் தன் உடலைத் தானே கண்காணிப்பவனுக்கு உடல் கட்டுப்படாது. கண்காணிப்பை நீக்கினால் இயல்பு திரும்பும். ஹன்ட்டரின் ஆறு இரவுகள் மீண்டும் உயிர்பெற்றன எனலாம். 1976இல் ஜாக் ஆனன் என்னும் உளவியலார் சிகிச்சையை நான்கு படிகளாக வகுத்தார். முதற்படி அனுமதி, அதாவது, உன் எண்ணமும் ஆசையும் கேள்வியும் பழிக்குரியன அல்ல என்று மருத்துவர் வாயால் கேட்பது. அடுத்தது வேண்டிய அளவு செய்தி. பின்னர்க் குறிப்பான யோசனை. இறுதியிலேயே ஆழ்ந்த சிகிச்சை. பெரும்பாலோர் முதலிரு படிகளிலேயே நலம் பெறுவர் என்பது இவ்வகுப்பின் உட்கிடை. 1975இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை ஒன்று பாலியல் நலத்தை நோயின்மை என்ற அளவில் நிறுத்தாமல், ஆளுமையையும் அன்பையும் வளர்க்கும் ஒன்றாக நோக்கியது.

இங்கே தோட்டத்து லயத்தை நினைத்துப் பார்த்தல் தகும். மாஸ்டர்சிடம் வந்த தம்பதியர் இரண்டு வாரம் வீட்டை விட்டு வந்து, விடுதியில் தங்கிப் பயின்றனர். லயத்து வீட்டிலோ ஒரே அறை. பெற்றோரும் பிள்ளைகளும் சில வேளை மாமியாரும் அதனுள்ளேயே. பக்கத்து வீட்டை மறைப்பது ஒரு பலகைச் சுவர். விளக்கணைத்து, பிள்ளைகள் உறங்கும் வரை காத்திருந்து, ஓசையின்றி விரைந்து முடிக்கவேண்டியதாயிருந்த வாழ்வில் மெல்லத் தொட்டுணரும் பயிற்சி எங்ஙனம் இயலும்? விரைந்து முடிந்துவிடுகிறது என்று லேகியம் வாங்கியவனுக்கு வேண்டியிருந்தது லேகியமன்று. தாழிடத்தக்க ஒரு கதவு. பாலியல் மருத்துவ நூல்கள் வீட்டுவசதியைப் பற்றிப் பேசாதது அவற்றின் பெருங்குறை என்றே சொல்லவேண்டும்.

சட்டமும் தன்னாலியன்றதைச் செய்யாமலில்லை. இந்தியாவில் 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய மருந்து விளம்பரச் சட்டமும், மலாயாவில் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமும் பாலுறவு ஆற்றலைக் கூட்டுவதாகக் கூறும் விளம்பரங்களைத் தடுக்கின்றன. தடைக்குப் பின்னும் அவை வேறு உருவெடுத்தன. 1998இல் வயாகரா மாத்திரை வந்தபின் மலேசியாவில் அதன் மருந்துப்பொருளையே கள்ளத்தனமாகக் கலந்த காப்பிப் பொட்டலங்கள் பிடிபட்டு வருகின்றன. அச்சம் இருக்கும்வரை விற்பனைக்குக் குறைவில்லை.

தமிழில் நான்காவது வாயிலை அகலத் திறந்தது தொலைக்காட்சி. 2000ஆம் ஆண்டை ஒட்டி விஜய் தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் 'புதிரா புனிதமா' என்னும் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. சென்னை மனநல மருத்துவர் மாத்ருபூதமும், மருத்துவர் ஷர்மிளாவும் அதில் நேயர் வினாக்களுக்கு விடையளித்தனர். பண்பாடு கெட்டது என்றோரும் உண்டு. நகைச்சுவைத் துணுக்கு புனைந்தோரும் உண்டு. ஆயினும் ஆணும் பெண்ணும் ஒருங்கே அமர்ந்து, முகஞ்சுளிக்காமல், நாட்டுவழக்குத் தமிழில் விளக்கிய அந்நிகழ்ச்சி, கார்வே அச்சில் செய்து தண்டம் கட்டியதை மக்கள் மன்றத்தில் செய்தது. சென்னைப் பாலியல் மருத்துவர் நாராயண ரெட்டி போன்றோர் தமிழ் இதழ்களில் இதனைத் தொடர்ந்தனர். லேகிய விளம்பரம் வந்த இதழ்களிலேயே அதற்கு மறுப்பும் வந்தது காலத்தின் விளையாட்டு.

சொற்களின் வரலாறும் இவ்வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. தமிழாசிரியர் கருத வேண்டிய இடம் இது. 1992இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் குழு, ஆற்றலின்மை எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டு, விறைப்புக் குறைபாடு எனப் பொருள்படும் தொடரைப் பரிந்துரைத்தது. பழைய சொல் ஓர் உறுப்பின் தடையை ஆளின் தோல்வியாக்கியது. தமிழின் 'ஆண்மைக்குறைவு' அதனினும் கொடிது. நீரிழிவாலோ குருதிக்குழாய் அடைப்பாலோ வந்த குறையை அது மானக்கேடாக்கிவிடுகிறது. மானம் போகுமென்று அஞ்சுபவன் மருத்துவரிடம் போகான். போகாமையால் நீரிழிவும் கண்டறியப்படாமல் முற்றும். பெண்ணுக்கோ 'மலடி' என்ற சொல் இருக்கிறது. கூடலின்போது தசை இறுகி வலிக்கும் நிலைக்கு மக்கள் வழக்கில் நிலைத்த பெயரே இல்லை. பெயரில்லாத வலியை அவள் எவ்வாறு சொல்வாள்? சொல்லாதபோது அது பிடிவாதம் என்றும், கணவனை வெறுத்தல் என்றும், சில வேளை பேய் என்றும் பெயர் பெற்றது. மெல்லமெல்ல நீட்டும் பயிற்சியாலும் ஆறுதலான அறிவுரையாலும் பெரும்பாலும் நீங்கத்தக்க துன்பம் அது. 'இளமைத் தவறு' போய்ச் 'சுயஇன்பம்' வந்தது, தவறு என்ற தீர்ப்பு நீங்கிப் பெயர் மட்டும் நின்றதன் அடையாளம்.

தன்பாலீர்ப்பினரின் செய்தி இதில் தனியே கூறத்தக்கது. அவர்களை 'மாற்றுவதாக' மின்னதிர்ச்சியும் மருந்தும் தந்த காலம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 1990இல் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலினின்று நீக்கியது. 2018 செப்டம்பரில் இந்திய உச்சநீதிமன்றம் அதனைக் குற்றமன்று என்றது. மலேசியச் சட்டத்தில் பழைய பிரிவு இன்றும் நிற்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய மாற்று 'சிகிச்சை'யைத் தடைசெய்யுமாறு ஆணையிட்டார். தீர்ப்பெழுதுமுன் தமக்கு இப்பொருளில் போதிய அறிவில்லை என்று உணர்ந்து, உளவியலாளர் ஒருவரிடம் தாமே சென்றமர்ந்து கற்றார் அந்நீதிபதி. நோயாளியின் நாற்காலியில் நீதிபதி அமர்ந்த காட்சி தமிழக வரலாற்றில் புதிது. அவ்வழக்கின் வழியே, இழிவு தராத சொற்களின் பட்டியலொன்றைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது.

தானா ராத்தாவுக்கு மீண்டால், லயங்களில் இன்று பெரும்பாலும் வங்காளதேச, நேபாள, இந்தோனேசியத் தொழிலாளர் வாழ்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் பல கீழிறங்கிவிட்டன. எஞ்சியோர் கடை, காய்கறித் தோட்டம், அரசுப்பணி என்று பரவியுள்ளனர். நகரில் அரசு மருத்துவமனை உண்டு. அங்கே தமிழில் பேசும் மருத்துவர் அமைவது அந்தந்த ஆண்டின் மாறுதல் ஆணையைப் பொறுத்தது. தமிழ்ப்பள்ளியும் இயங்கி வருகிறது. மலேசியத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் 2011 முதல் சமூக, இனப்பெருக்க நலக் கல்வி உடற்கல்விப் பாடநேரத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. உடலுறுப்புகளின் பெயர், பருவ மாற்றம், நல்ல தொடுதல், தீய தொடுதல் ஆகியவற்றை மாணவர்க்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு ஆசிரியருடையது. அப்பாடத்தின் முதற்பகுதியிலேயே உறுப்பின் பெயரைச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் சிரிப்பொலி எழும். ஆசிரியர் தாமும் சிரிக்காமல் அதனை மீண்டும் ஒருமுறை சொல்வார்.